செட்டிபாளையத்தில் இரண்டரை நாள்

எங்கள் வீட்டில் பந்தயம் என்றால் ரேக்ளா என்னும் மாட்டுவண்டிப் பந்தயம்தான். காங்கேயத்தைச் சுற்றி எந்த ஊரில் வண்டி பூட்டினாலும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வயது எழுபத்து மூன்று, இரண்டு முழங்காலும் தகராறு. ஆனாலும் பந்தய நாளன்று மட்டும் வலி தெரியாது. அதனால்தான் என் மகன், "அப்பச்சி, கார் ரேஸ் பார்க்க வருகிறீர்களா?" என்று கேட்டபோது அவர் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மீட்டர்?" கொங்கு நாட்டு ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று இரண்டு பிரிவுதான் உண்டு.

"இரண்டு கிலோமீட்டருக்கு மேல் அப்பச்சி. அதையே பத்துப் பன்னிரண்டு தடவை சுற்றுவார்கள்."

"செக்குமாடு போலவா?"

பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. பதினைந்து வயது, பார்முலா ஒன் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் நடுராத்திரியில்கூட விழித்துப் பார்ப்பவன். நானோ ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதுகிறவள். காருக்கும் எனக்கும் உள்ள உறவு பஞ்சர் ஒட்டும் கடை வரைதான். இப்படிப் பொருந்தாத மூன்று பேர், சென்ற ஆண்டு ஆவணியில், கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே தளத்தில் தேசியக் கார்ப் பந்தயத் தொடரின் ஒரு சுற்றை வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மாலை வரை பார்த்துவிட்டு வந்தோம். போவதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தங்கிய கதை. நாள்காட்டியைப் பார்த்தேன், ரேஸ் தேதிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன், அதே கட்டத்தில் சின்னதாக அச்சிட்டிருந்த "சுபமுகூர்த்தம்" என்ற சொல்லைப் பார்க்கவில்லை. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் கொங்கு நாட்டில் மண்டபம் கிடைக்காது, சமையல்காரர் கிடைக்கமாட்டார், விடுதி அறையும் கிடைக்காது. தொலைபேசியில் சொல்லிவைத்த அறையை நம்பி வெள்ளிக்கிழமை இருட்டும் நேரத்தில் போய் நின்றால், மாப்பிள்ளை வீட்டார் ஒரு தளத்தையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். விடுதியில் இருந்தவர் கைகூப்பி, "முகூர்த்த நாளுங்க" என்றார். அதற்கு மேல் இந்த ஊரில் வாதாட ஒன்றும் இல்லை. போத்தனூரில் இருக்கும் ஒன்றுவிட்ட சின்னம்மா வீட்டுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஒறம்பரையாகப் போய் இறங்கினோம். அந்த நேரத்திலும் அவர் சந்தகை பிழிந்து போட்டார் என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை மாலை ஒரு யோசனை வந்து, பல்லடம் வழியாகக் காங்கேயத்துக்கே திரும்பிவிட்டோம். சாலை நன்றாகத்தான் இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம். ஞாயிறு காலையில் வீட்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போனோம். திருப்பூர், பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் அறைக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். சேலத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிறவர்கள் காந்திபுரத்தில் தங்கிவிட்டு நகரம் முழுக்கக் கடந்து வருவதைவிட, போத்தனூர், சுந்தராபுரம் பக்கம் இடம் பார்ப்பது நல்லது. செட்டிபாளையம் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. போத்தனூர் ரயில் நிலையம்தான் அதற்குக் கிட்ட. எங்கே தங்குவதாக இருந்தாலும் ரேஸ் அட்டவணைக்கு முன்னால் பஞ்சாங்கத்தைப் பாருங்கள்.

எங்களைக் கூப்பிட்டது என் நாத்தனார் மகன். பொறியியல் படித்துக்கொண்டே பந்தயங்களில் தளத்தோரம் கொடி காட்டும் தன்னார்வ மார்ஷலாக நிற்பவன். "அத்தை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதீர்கள். சனிக்கிழமையே வந்துவிடுங்கள்" என்று ஒற்றைக் காலில் நின்றான். ஏன் என்று சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் விளங்கியது. ஞாயிறு மட்டும் வருவது, சீரெல்லாம் முடிந்தபின் கல்யாணப் பந்திக்கு மட்டும் வருவது போல. சாப்பாடு கிடைக்கும். யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரோடு பேசுவதில்லை என்பது தெரியாது.

சனிக்கிழமை கூட்டம் குறைவு. பயிற்சியும் தகுதிச்சுற்றும் நடக்கும்; இடையிடையே வண்டிகளைப் பிரித்துப் பூட்டும் பின்கட்டு, அதாவது பேடக், பார்க்கக் கிடைக்கும். எங்களுக்கு மருமகன் தயவில் அனுமதிச் சீட்டு இருந்தது. உங்களுக்கு அப்படி யாரும் இல்லாவிட்டாலும், எந்த நேரத்தில் யாரை உள்ளே விடுகிறார்கள் என்று நுழைவாயிலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்காமல் திரும்பிப் போனவர்களை நான் பார்த்தேன்.

அந்தப் பின்கட்டில்தான் அப்பா விழித்துக்கொண்டார். அவர் கோவையில் ஒரு நூற்பாலையில் பிட்டராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். வலது காதை ஆலைச் சத்தம் பாதி தின்றுவிட்டது. மீதி இருக்கும் காதால், எந்த மோட்டாரில் பேரிங் போகப்போகிறது என்று தெருவில் நடந்துபோகும்போதே சொல்லிவிடுவார். வரிசையாக நின்ற எல்ஜிபி பார்முலா 4 என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "இவ்வளவு தாழ்வாகவா? பாய் விரித்துப் படுத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி இருக்கிறது." பிறகு உள்ளே இருப்பது 1.3 லிட்டர் மாருதி ஸ்விப்ட் இன்ஜின் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். அப்பாவின் குரல் மாறிவிட்டது. "நம் ஊர் டாக்ஸியில் ஓடுகிற இன்ஜினா?"

அடுத்து டயர். அடுக்கிவைத்திருந்த சிலவற்றில் வரியே இல்லை. "மொட்டை டயரில் ஓட்டினால் போலீஸ் பிடிக்காதா அம்மிணி?" என்று என் காதைக் கடித்தார். கடித்தது மெக்கானிக்குக்கும் கேட்டுவிட்டது. அப்பாவின் ரகசியம் எப்போதும் அப்படித்தான். டயரில் வரி வெட்டுவது தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக. தரை காய்ந்திருந்தால் வரி இல்லாத டயரின் ரப்பர் முழுவதும் தரையைப் பிடிக்கும். மழை வந்தால் அதே டயர் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும் என்று மெக்கானிக் பொறுமையாகச் சொன்னார். சொன்ன இரண்டு மணி நேரத்தில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து ஒரு சாரல் வந்து போனது. சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக இருக்கும் கொடியை மார்ஷல்கள் எடுத்தார்கள்: தரை வழுக்குகிறது என்று அர்த்தம். காலையில் அந்தப் பாடம் நடக்காமல் போயிருந்தால், எங்களுக்கு அது ஏதோ அலங்காரத் துணி.

பின்கட்டில் நிற்கும்போது ஒரு கார் உறுமிக்கொண்டு எங்களைக் கடந்தது. அப்பா தலையைச் சாய்த்து, "இந்த வண்டி தும்முகிறது. ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை" என்றார். என் மகன் பரபரப்பாகி அந்தக் குழுவின் ஆளிடம் ஓடிப்போய்ச் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே, "தெரியுங்க தம்பி, பிளக் மாற்றத்தான் உள்ளே கூப்பிட்டோம்" என்றார். அப்பாவுக்குச் சற்று வருத்தம்தான். ஆனாலும் அன்று முழுவதும் பையன் அவரை வேறு மாதிரி பார்த்தான்.

அந்தத் திடலுக்குப் பெயர் வந்த வழியையும் அப்பாதான் சொன்னார். ஆலைக் காலத்தில் காதில் விழுந்தது. கரி மோட்டார் ஸ்பீட்வே என்பதில் உள்ள கரி, எஸ். கரிவர்தன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய வசதி இருந்தால்தான் ரேஸ் ஓட்டலாம் என்றிருந்த காலத்தில், மாருதி 800 இன்ஜினை வைத்து இங்கேயே பந்தயக் கார் கட்டியவர். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் 2003இல் இந்தத் தளம் வந்தது. கோவையிலிருந்து பார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஓட்டியது பார்முலா மாருதி வண்டியைத்தான். ஒரு நகரம் ஏன் ரேஸுக்குப் பேர்போனது என்று என்னைக் கேட்டால், பணக்காரர்கள் இருந்ததால் என்று சொல்லமாட்டேன். பணக்காரர்கள் எல்லா ஊரிலும்தான் இருக்கிறார்கள். இங்கே லேத் பட்டறை இருந்தது, வார்ப்பு ஆலை இருந்தது, பம்பும் மோட்டாரும் செய்யும் கை இருந்தது. ஒரு பாகம் உடைந்தால் சாயங்காலத்துக்குள் கடைந்து கொடுக்க ஆள் இருந்தது.

நரேன் பேச்சு வந்ததால் ஒன்று. 2005 அமெரிக்க கிராண்ட் பிரீயில் அவர் நான்காவதாக வந்தார். டயர்ப் பிரச்சினையால் பதினான்கு கார்கள் விலகிக்கொள்ள, ஓடியதே ஆறு கார்கள்தான் என்று இதைக் கிண்டலாகச் சொல்பவர்கள் உண்டு. என் மகனும் சொன்னான். அப்பாவின் பதில்: "ரேக்ளாவில் பத்து வண்டிக்காரன் வராவிட்டாலும், வந்தவன் மாடு ஓடித்தானே ஆக வேண்டும்?"

இந்த ரேக்ளா ஒப்பீடுதான் எனக்குப் பந்தயத்தைப் புரியவைத்தது. எந்த விளக்கப் படமும் அல்ல. எங்கள் பக்கத்து ரேக்ளாவில் வண்டிகள் ஒன்றை ஒன்று முந்துவதில்லை. ஒவ்வொரு வண்டியும் தனியாக ஓடும்; கடிகாரம்தான் எதிரி. சனிக்கிழமைத் தகுதிச்சுற்று அதே கதை. ஒரே நேரத்தில் பல கார்கள் தளத்தில் இருந்தாலும், ஒவ்வொருவரும் தன் ஒரு நல்ல சுற்றுக்காக ஓட்டுகிறார்கள். முன்னால் போகும் வண்டியை முந்துவது அங்கே வெற்றி அல்ல, தொந்தரவு. அதனால்தான் சிலர் வேண்டுமென்றே மெதுவாகப் போய் முன்னால் இடைவெளி உண்டாக்கிக்கொள்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாத முதல் கால்மணி நேரம், "இவன் ஏன் உருட்டுகிறான்?" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரு நல்ல ஓட்டுநரைத் திட்டிக்கொண்டிருந்தோம். மறுநாள் பந்தயத்தில்தான் ஆளுக்கு ஆள் மோதல். தகுதிச்சுற்றில் எடுத்த நேரம், ஞாயிறு எந்த வரிசையில் நிற்பது என்பதை முடிவு செய்துவிடுகிறது. சின்னத் தளத்தில் முந்துவது கடினம் என்பதால், பாதிப் பந்தயம் சனிக்கிழமையே முடிந்துவிடுகிறது என்றுகூடச் சொல்வேன்.

சின்னத் தளம் என்றதும் குறை என்று நினைக்க வேண்டாம். செட்டிபாளையத் தளம் 2.1 கிலோமீட்டர். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தளம் 3.7 கிலோமீட்டர், 2011 முதல் 2013 வரை பார்முலா ஒன் நடந்த கிரேட்டர் நொய்டா புத் சர்வதேசத் தளம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல். ஆனால் பார்க்கிறவர்களுக்குச் சின்னதுதான் லாபம். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அதே கார் திரும்ப உங்கள் முன்னால் வந்து நிற்கிறது. நிற்காமல் போகிறது என்று சொல்ல வேண்டும். போன சுற்றில் இரண்டு வண்டித் தூரம் பின்னால் இருந்தவன், இந்தச் சுற்றில் ஒரு வண்டித் தூரம், அடுத்ததில் மூக்கு நுழைக்கிறான். தொடர்கதை போல அத்தியாயம் அத்தியாயமாகப் பார்க்கலாம்.

எங்கே நிற்பது என்பதற்கு ஒரு வழி: நேர்பாதை முடிந்து, கார்கள் பிரேக் பிடித்துத் திரும்பும் இடம். நேர்பாதையின் நடுவில் நின்றால் வேகம் தெரியும். சத்தமும் ஒரு வண்ணக் கோடும்தான் மிஞ்சும். வளைவில்தான் மனிதன் தெரிகிறான். யார் தைரியமாகத் தாமதித்துப் பிரேக் பிடிக்கிறார், யார் முன்கூட்டியே பிடித்து வெளியேறும்போது வேகம் எடுக்கிறார், யாருக்குப் பின்சக்கரம் நழுவி ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் திரும்புகிறது, எல்லாம் அங்கே. ஒரு வளைவில் குறைந்தது ஐந்து சுற்றாவது நில்லுங்கள். நாங்கள் முதலில் இடம் மாறி மாறி அலைந்தோம். அப்பாவின் முழங்கால்தான் எங்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தியது.

அதே இடத்தில் மார்ஷல் சாவடி ஒன்றும் கண்ணில் படும்படி இருந்தால் அதிர்ஷ்டம். ஒலிபெருக்கியில் வர்ணனை காற்றோடு போய்விடும், கொடி போகாது. மஞ்சள் அசைந்தால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. நீலம், பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழிவிடு. சிவப்பு என்றால் பந்தயமே நிறுத்தம். பச்சை, பாதை சரியாகிவிட்டது. கறுப்புக் கொடி காட்டப்பட்டவர் உள்ளே வந்தாக வேண்டும். மருமகன் சொல்லிக்கொடுத்த இந்த ஐந்தை மனப்பாடம் செய்துகொண்டபின், எங்கள் கண்ணுக்குத் தெரியாத வளைவில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு நாங்கள் சொல்லத் தொடங்கிவிட்டோம். அவன் நாள் முழுக்க வெயிலில் நின்றான். வண்டி வரும் திசைக்கு முதுகு காட்டக் கூடாது என்பது அவர்களுக்கு முதல் விதி. கைகொடுக்கப் போன என்னிடம்கூட அவன் பக்கவாட்டில் நின்றுதான் பேசினான்.

காது. இதை மட்டும் அம்மாக்களுக்காக அழுத்திச் சொல்கிறேன். பஞ்சு போதும் என்று நினைத்து வீட்டிலிருந்து கொண்டுபோனேன். பஞ்சு ஏறக்குறைய ஒன்றுமே செய்யாது. மருந்துக் கடையில் விற்கும் நுரை அடைப்பான்கள் வாங்குங்கள். அதை விரல்களால் மெல்லிய திரியாக உருட்டி, மறுகையால் காதின் மேல்நுனியைச் சற்று மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா செருகினால் விழுந்துவிடும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் வரைதான் காதுக்குப் பாதுகாப்பு என்பது தொழிற்சாலைக் கணக்கு. அது 100 டெசிபலானால் தாங்கும் நேரம் கால்மணியாகச் சுருங்கிவிடும். பந்தயத் தளத்தின் ஓரத்தில் 100 ஒரு பெரிய எண் அல்ல. சிறு குழந்தைகளுக்கு அடைப்பான் உட்காராது. தலையில் மாட்டும் காது மூடி வேண்டும். "எங்கள் காலத்தில் ஆலையில் இதையெல்லாம் யார் கொடுத்தார்கள்?" என்று அப்பா முணுமுணுத்தார். பிறகு தானே கேட்டு வாங்கி, நல்ல காதில் மட்டும் மாட்டிக்கொண்டார். இன்னொரு காதுக்கு இனி என்ன வரப்போகிறது என்றார்.

காற்று இன்னொன்று. ஆடி போய் ஆவணி வந்தும் அங்கே அடங்கவில்லை. அம்மி பறக்கவில்லை, அப்பாவின் புதுத் தொப்பி பறந்து வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. எடுக்கப் போகாதீர்கள், தொப்பி போனால் போகட்டும், வேலியைத் தாண்டக் கூடாது. தாடையில் கட்டும் கயிறு உள்ள தொப்பி, அல்லது என்னைப் போல் தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. கண்ணில் புழுதி விழாமல் ஒரு சாதாரணக் கண்ணாடி. தண்ணீர் நாம் நினைப்பதைவிட இரண்டு மடங்கு. தூக்குப்போசியில் அரிசியும்பருப்பும் சோறு, தொட்டுக்கொள்ள அப்பளம் கொண்டுபோயிருந்தோம். அப்பளம் காற்றில் நமத்துவிட்டது. சோறு மூன்று மணி வரை நன்றாக இருந்தது. தயிர்ச்சோறு வேண்டாம், வெயிலில் புளித்துவிடும். காரை நிறுத்தும்போது வெளியே போகும் பக்கம் பார்த்து நிறுத்துங்கள். மாலையில் எல்லோரும் ஒரே சாலைக்குத்தான் வருவார்கள்.

நான் எதிர்பாராமல் விழுந்த இடம் நேரத்தாள். ஒவ்வொரு பயிற்சியோ தகுதிச்சுற்றோ முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அச்சிட்ட எண்கள். பையன் முதல் மூன்று பெயரைப் பார்த்துவிட்டு ஓடிவிட்டான். நான் அங்கேயே நின்றேன். வங்கியில் இருபது ஆண்டுகள் பேரேடு பார்த்த கண்ணுக்கு அது தெரிந்த ஊர். முதல் ஆறு பேருக்கும் இடையே ஒரு முழு நொடிகூட இல்லை. எல்லோருக்கும் ஒரே வகைக் கார், ஒரே இன்ஜின். அப்படியானால் அந்த இடைவெளி முழுவதும் ஆளுக்கு ஆள் உள்ள இடைவெளி. ஒருவர் ஒரே ஒரு சுற்றைப் பிரமாதமாக ஓட்டியிருந்தார். மற்ற சுற்றுகளின் நேரம் மேலும் கீழுமாக, வெள்ளாமையை நம்பிக் கடன் வாங்கியவர் தவணை கட்டுவது போல இருந்தது. நான்காவது இடத்தில் இருந்தவரின் சுற்றுகளோ ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு பங்கு நொடிதான் வித்தியாசம். மாதச் சம்பளக்காரர் கணக்கு. "நாளைக்கு இந்த நான்காவது ஆளைப் பார்" என்று மகனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. அந்தத் தாளைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கையில் அது இருந்தால் பார்க்கிற பந்தயமே வேறு.

பையனின் பாடம் செல்போன். முதல் ஒரு மணி நேரம் முழுக்கப் படம் பிடித்தான். மாலையில் பார்த்தால் நாற்பது படத்தில் முப்பது வெறும் சாலை; மீதியில் காரின் பின்பாதி. கார் போகும் திசையிலேயே போனையும் கூடவே திருப்பிக்கொண்டு எடுக்க வேண்டும், கார் வரும்போதே தொடங்க வேண்டும் என்று யாரோ ஒரு அண்ணன் சொல்லிக்கொடுத்தார். பத்துப் படம் நன்றாக வந்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டான். அதை அவனே செய்தான் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. கூட்டம், கொடி, பாட்டு. அப்பாவைக் கவர்ந்தது கார் அல்ல, ராயல் என்பீல்டு கான்டினென்டல் ஜிடி பைக்குகளின் பந்தயம். "இரண்டு சிலிண்டர். ஆனால் சமமாக அடிக்கவில்லை, நொண்டி நொண்டி அடிக்கிறது" என்றார். மருமகனிடம் பிறகு கேட்டால், அந்த 650 இன்ஜினின் கிராங்க் 270 பாகை அமைப்பு, அதனால்தான் அந்தத் தாளம் என்றான். அப்பா எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்த பார்வையில், நேற்றைய பிளக் கணக்கு தீர்ந்தது.

கார்ப் பந்தயம் கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஐந்து சிவப்பு விளக்குகளும் அணைந்த நொடியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நாங்களும் நின்றோம், அப்பாவும் நின்றார். முதல் வளைவிலேயே முன்வரிசையில் ஒருவர் வெளியே போனார். பத்திரமாகத்தான் இறங்கினார். என் மாதச் சம்பளக்காரர் மூன்றாவது இடத்துக்கு வந்து, பிறகு இரண்டாவது ஆளின் பின்னாலேயே சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டு போனார். முன்னால் போகும் வண்டி காற்றைக் கிழித்துக் கொடுக்க, அந்த மறைவில் போகிறவருக்கு நேர்பாதையில் வேகம் கூடும். நேர்பாதை முடியும் இடத்தில் அவர் மூக்கை நீட்டுவதும், கதவு சாத்தப்படுவதும். கடைசிச் சுற்றில் இருவரும் வளைவில் உரசினார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியை அவர் மூன்றாவதாகத்தான் தாண்டினார்.

கொடி விழுந்ததும் எழுந்து போகாதீர்கள் என்று எழுதவே வந்தேன், நாங்கள் போய்விட்டோம். பந்தயம் முடிந்தபின் கார்களை எடை போடுகிறார்கள், விதிப்படி இருக்கின்றனவா என்று சோதிக்கிறார்கள், உரசலுக்கு யார் பொறுப்பு என்று நடுவர்கள் விசாரிக்கிறார்கள். அதுவரை அறிவிக்கப்படுவது தற்காலிக முடிவுதான். நேரமும் அப்படித்தான்: அட்டவணையில் உள்ளதை நம்பி அன்றிரவு ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். 2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னைத் தீவுத்திடல் தெருப் பந்தயத்துக்குப் போன மருமகன், மழையால் தளத்தின் பாதுகாப்புச் சோதனை தள்ளிப்போக, காத்துக் காத்துக் கிடந்தான்.

திரும்பும் வழியில் பல்லடத்தில் காப்பி குடித்தோம். அப்பா காரின் பின்னிருக்கையில் தூங்கிவிட்டார். தொப்பி இல்லாத தலையில் வெயில் பட்ட கோடு தெரிந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டார், "யார் ஜெயித்தது?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலாவது வந்தவரின் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. பையன் போனை எடுத்துத் தேடிக்கொண்டிருக்கும்போதே மருமகனின் செய்தி வந்தது: உரசலுக்காக இரண்டாவது வந்தவருக்கு நேரத் தண்டனை, என்னுடைய நான்காவது ஆள் இப்போது இரண்டாவது. நான் அடக்க முடியாமல் கைதட்டினேன்.

அப்பா கால் கழுவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். "அதற்குத்தான் ரேக்ளாவில் ஒவ்வொரு வண்டியாக விடுகிறோம்" என்றார். பிறகு பையனைக் கூப்பிட்டு, "அடுத்த சுற்று எப்போது என்று பார் கண்ணு. முகூர்த்தம் இருக்கிறதா என்று உன் அம்மா பார்க்கட்டும்" என்றார்.